இணையவழி உளமதிப்பீடும் பனிச்சங்கேணியும்: வளர்ந்தோரின் ஓட்டிசம், அவதானக் குறைவு பற்றிய ஒரு சமூக நோக்கு

வளர்ந்தவர்கள் தமக்கு ஓட்டிசம் உண்டா, ஏ.டி.எச்.டி. என ஆங்கில முதலெழுத்துக்களால் வழங்கும் அவதானக் குறைவு மிகையியக்க நிலை உண்டா என இணையவழியே மதிப்பீடு செய்துகொள்ளும் வழக்கம், 2020ஆம் ஆண்டின் பெருந்தொற்றுக்குப் பின்னர் உலகின் பல பாகங்களிலும் வேகமாகப் பரவியுள்ளது. அவ்வழக்கம் எமது கிழக்கிலங்கையின் வாவிக்கரைக் கிராமங்களையும் எட்டிவிட்டது. உளமருத்துவம் எமது துறையன்று. இலக்கியத்தையும் அதன் சமூக அடிப்படைகளையும் பயிலும் நாம் இப்பொருள் பற்றி எழுத நேர்ந்தமைக்கு ஒரு மொழிபெயர்ப்பு வேலையே காரணமாயிற்று.

எம்மிடம் முன்னர் பயின்ற மாணவர் ஒருவர் சென்ற ஆண்டு எம்மைத் தேடி வந்தார். அவரது ஊர் பனிச்சங்கேணி. மட்டக்களப்பிலிருந்து திருகோணமலைக்குச் செல்லும் வீதியில், ஐம்பது கிலோமீற்றருக்கு அப்பால், மாங்கேணிக்கும் வாகரைக்கும் இடையே, பாலமொன்று வாவியைக் கடக்கும் இடத்தில் அவ்வூர் உள்ளது. மீன்பிடியும் சிறு பயிர்ச்செய்கையும் கூலிவேலையுமே அங்கு வாழ்வாதாரம். வேடர் வழித்தோன்றல்களும் வாழும் பகுதி அது. ஊரின் பெயரிலேயே பனிச்சை மரம் நிற்கிறது. நைலோன் வலை வருவதற்கு முன்னர் அம்மரத்தின் காய்ச்சாறே வலைக்கும் தோணிக்கும் உரமேற்றியது. அம்மாணவர் இப்போது அபிவிருத்தி உத்தியோகத்தராகக் கடமையாற்றுகிறார். அவர் கையில் பதினொரு பக்க ஆங்கில அறிக்கையொன்று இருந்தது. கடல்கடந்த நிறுவனமொன்று கணினித் திரையினூடாக நாற்பது நிமிடம் அவரோடு உரையாடித் தயாரித்த மதிப்பீட்டறிக்கை அது. அதற்கான கட்டணம் அவரது மூன்று மாதச் சம்பளத்தை விஞ்சியது. கட்டார் நாட்டில் வேலைசெய்யும் அவரது அக்கா அதனைச் செலுத்தியிருந்தார். ‘அம்மாவுக்கு விளங்கிறமாதிரி இதத் தமிழில எழுதித் தருவீங்களா, சேர்?’ என்பதே அவரது வேண்டுகோள்.

அவ்வேண்டுகோளை ஏற்றமைக்கு எம்மிடத்தே ஒரு கடன் இருந்தது. எமது பணியின் தொடக்க ஆண்டுகளில் அவருடைய சிறப்புக்கலை ஆய்வேட்டினை மேற்பார்வை செய்தவர் நாமே. தரவு திரட்டுவதில் அவரை விஞ்ச வகுப்பில் எவருமிலர். கூத்துப் பாடல்களின் பாடபேதங்களை நூற்றுக்கணக்கில் குறித்து வைத்திருந்தார். ஆனால் ஓர் இயலைத்தானும் முடித்துத் தந்தாரில்லை. தவணை மூன்றுமுறை தவறியபோது, அவரது கோவையில் ‘அக்கறையின்மை’ என்ற சொல்லை எழுதி ஒப்பமிட்டோம். அவர் பொதுப்பட்டத்தோடு வெளியேறினார். எட்டு ஆண்டுகளின் பின்னர் அந்த அறிக்கை மேசையில் விரிக்கப்பட்டபோது எமக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்தச் சொல்லே.

இங்கு பேசப்படும் இரு நிலைகளையும் சுருக்கமாகவேனும் விளக்குதல் வேண்டும். ஓட்டிசம் என்பது பிறர் முகத்தினையும் குரலினையும் குறிப்பினையும் பெரும்பான்மையோர் வாசிக்கும் முறையில் வாசிக்காமை, ஒரே ஒழுங்கினை நாடுதல், ஒரு பொருளில் ஆழ்ந்து நிற்றல், ஒலி ஒளி தொடுகை ஆகியவற்றை மிகையாகவோ குறைவாகவோ உணர்தல் என்பன ஒருங்கு சேர்ந்து சிறுவயது முதல் தொடரும் நிலையாகும். ஏ.டி.எச்.டி. என்பதோ அவதானத்தை வேண்டியவிடத்து நிறுத்தவும் வேண்டியபோது விலக்கவும் இயலாமை, தொடங்கியதை முடிக்க இயலாமை, காலத்தைக் கணிக்க இயலாமை, அடங்கியிருக்க மாட்டாமை முதலியவற்றால் அறியப்படுவது. ஒருவரிடத்தே இரண்டும் இருத்தல் கூடும். இவை ஒழுக்கக்கேடோ சோம்பலோ அல்ல. மூளை வளர்ச்சியோடும் மரபுவழியோடும் தொடர்புடையன. இவ்விடத்தில் எம்மைச் சார்ந்த சிலருக்கும் ஒரு சொல் கூறவேண்டியுள்ளது. முதலாளித்துவம் புனைந்த நோய்ப்பெயர்கள் இவை எனக் கூறி ஒதுக்கிவிடுவது பொருள்முதல்வாதமாகாது. உடலும் பொருள்தான்.

பெயர்களைப் பொறுத்தவரை தமிழ் இன்னும் தடுமாறுகிறது. தமிழகத்தில் ‘மதியிறுக்கம்’ என்பர். அங்கு அரச வழக்கில் ‘புறவுலகச் சிந்தனையற்ற’ என்னும் தொடரும் உண்டு. பேருந்துகளின் இலக்கங்களையெல்லாம் மனனஞ் செய்த ஒருவரைப் புறவுலகச் சிந்தனையற்றவர் என்பது எத்துணை பொருந்தாக் கூற்று! எமது பேச்சுவழக்கு இதைவிட நுட்பமானது. குழப்படி, துடியாட்டம், அந்தரம், பராக்கு என ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சொல் வைத்திருக்கிறது. அவற்றுள் ‘பராக்கு’ என்ற ஒன்றுக்கு ஈடான சொல்லை அப்பதினொரு பக்க ஆங்கில அறிக்கையில் நாம் காணவில்லை. ஆயினும் இச்சொற்கள் பெரும்பாலும் பிள்ளையை ஏசுவதற்கே பயன்பட்டு வந்துள்ளன என்பதையும் மறைத்தலாகாது.

இந்நிலைகள் அறியப்பட்ட வரலாற்றில் ஓர் உண்மை நீண்டகாலம் மறைந்திருந்தது. ஓட்டிசத்தை முதலில் விவரித்தவர்கள் 1943இல் அமெரிக்காவிலிருந்து எழுதிய லியோ கன்னரும் 1944இல் வியன்னாவிலிருந்து எழுதிய ஹான்ஸ் அஸ்பேர்கரும் என்றே பாடநூல்கள் கூறிவந்தன. ஆனால் 1925இலேயே மொஸ்கோவில் பணியாற்றிய குருன்யா சுகரேவா என்னும் சோவியத் பெண் மருத்துவர் ஆறு சிறுவர்களைப் பற்றி விரிவாக எழுதினார். அடுத்த ஆண்டு அது ஜெர்மன் மொழியிலும் வெளிவந்தது. ஆங்கிலத்தில் அதனைச் சுலா வுல்ஃப் மொழிபெயர்த்தது 1996இலேயே ஆகும். சுகரேவா எவ்வாறு கண்டறிந்தார் என்பதே எமக்கு இங்கு முக்கியமானது. பள்ளியும் மருத்துவமனையும் இணைந்த ஓரிடத்தில் அப்பிள்ளைகளோடு நீண்டகாலம் உடனிருந்து, அவர்கள் விளையாடுவதையும் வரைவதையும் பிறரோடு பழகுவதையும் கவனித்தே அவர் எழுதினார். கவனித்தல் என்பது உழைப்பு. அவ்வுழைப்புக்குக் காலம் வேண்டும். அக்காலத்தை யார் வழங்குவது என்பது சமூகத்தின் பொருளாதார அமைப்பைப் பொறுத்த வினாவாகும்.

கன்னர் விவரித்த பதினொரு பிள்ளைகளுள் எண்மர் ஆண்கள், மூவர் பெண்கள். பெற்றோர் பெரும்பாலும் உயர்கல்வி பெற்றவர்கள். அவர்களால்தான் மருத்துவரை நாட முடிந்தது. நாட முடிந்தவரின் முகமே பின்னர் நோயின் முகமாயிற்று. பெண்களும் ஏழைகளும் பல பத்தாண்டுகள் கணக்கில் வராது போயினர். அஸ்பேர்கர், நாற்சிகளின் ஆட்சியில் பிள்ளைகள் கொல்லப்பட்ட ஸ்பீகல்குருண்ட் நிலையத்துக்குச் சில பிள்ளைகளை அனுப்பியவர் என்பதை வரலாற்றாசிரியர் ஹெர்விக் செக் 2018இல் ஆவணங்களோடு வெளியிட்டார். வகைப்படுத்தல் எங்கெல்லாம் இட்டுச்செல்லும் என்பதற்கு அது சான்று.

அவதானக் குறைவின் வரலாறு வேறொரு திசையில் அமைந்தது. 1937இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் சார்ள்ஸ் பிரட்லி பென்சிட்ரின் என்னும் ஊக்க மருந்தினைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தபோது அவர்களது பள்ளிவேலை திருந்தியது. பிள்ளைகளே அதனைக் கணக்கு மாத்திரை என அழைத்தனராம். ஆகவே தொடக்கம் முதலே மருந்தின் பயன் பள்ளிக்கூட வேலையைக் கொண்டே அளக்கப்பட்டது. அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் வகைப்பாட்டுக் கைந்நூல் 1980இல் அவதானக் குறைவினை முதன்மைப்படுத்தியது. இன்று வழங்கும் பெயர் 1987இல் வந்தது. 2013இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பே இரு நிலைகளும் ஒருவரிடத்தே இருக்கலாம் என ஏற்றது. வளர்ந்தோருக்கு ஐந்து குறிகள் போதும் எனவும், அவற்றுட் சில பன்னிரண்டு வயதுக்கு முன்னரே தோன்றியிருத்தல் வேண்டும் எனவும் விதித்தது. முந்திய பதிப்பில் அவ்வெல்லை ஏழு வயதாக இருந்தது. இப்பன்னிரண்டு என்ற எண்ணை வாசகர் மனத்திற் கொள்க.

இனி, மதிப்பீடு இணையத்துக்கு வந்த கதை. பிரித்தானியாவின் அரச சுகாதார சேவையில், இங்கிலாந்தில் மட்டும், 2024இன் இறுதியில் ஓட்டிச மதிப்பீட்டுக்காகக் காத்திருந்தோர் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர். அரச சேவை நலிந்த இடத்தில் தனியார் நுழைந்தனர். 2023 மே மாதத்தில் பி.பி.சி.யின் பனோரமா நிகழ்ச்சி இவ்விடயத்தை ஆராய்ந்தது. அரச வைத்தியசாலையில் மூன்று மணித்தியாலத்துக்கு மேல் நேரிற் பரிசோதிக்கப்பட்டு ஏ.டி.எச்.டி. இல்லை எனக் கூறப்பட்ட அதே செய்தியாளருக்கு, மூன்று தனியார் நிலையங்கள் காணொளி உரையாடலின் பின் அந்நிலை உண்டெனச் சான்று வழங்கின. உண்மையாகவே துன்புறுவோர்மீது இந்நிகழ்ச்சி ஐயத்தை விதைத்தது என்ற கண்டனமும் எழுந்தது. அதுவும் நியாயமே.

ஐக்கிய அமெரிக்காவில் நிலைமை மேலும் மோசமாயிற்று. நேரிற் பாராது இணையவழியே கட்டுப்பாட்டு மருந்துகளை எழுதலாகாது என 2008ஆம் ஆண்டுச் சட்டமொன்று விதித்திருந்தது. 2020இல் பெருந்தொற்றை முன்னிட்டு அக்கட்டுப்பாடு தளர்த்தப்பட்டது. அந்த இடைவெளியில் வளர்ந்த நிறுவனங்களுள் ஒன்றான டன் குளோபலின் தலைமை நிர்வாகியும் மருத்துவத் தலைவரும் 2024 ஜூனில் கைதாயினர். செரிபிரல் என்னும் மற்றொரு நிறுவனம், முப்பது இலட்சத்துக்கு மேற்பட்டோரின் விபரங்களை விளம்பரத் தளங்களுக்கு வழங்கிய குற்றச்சாட்டின் பேரில், அதே ஆண்டில் எழுபது இலட்சம் டொலருக்கு மேல் செலுத்த உடன்பட்டது. இவற்றைத் தனிமனிதரின் பேராசை எனக் கொண்டு அமைதல் போதாது. மதிப்பீடு பண்டமாகும்போது, மதிப்பிடுபவரின் உழைப்புநேரமே அதன் முதன்மைச் செலவு. அச்செலவைக் குறைத்தால் இலாபம் பெருகும். மூன்று மணித்தியாலம் நாற்பது நிமிடமாகச் சுருங்குவதற்கு வேறு மர்மம் எதுவும் இல்லை. எமது மாணவரின் அறிக்கை ஏ.டி.எச்.டி. உண்டு என முடித்துவிட்டு, ஓட்டிசம் இருக்கலாம் என்றும் அதனை அறியத் தனிக் கட்டணத்தில் மற்றொரு மதிப்பீடு உண்டு என்றும் கடைசிப் பக்கத்தில் அறிவித்திருந்தது!

அவ்வறிக்கையின் பெறுமதி பற்றியும் ஒரு நடைமுறைக் குறிப்பு அவசியம். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் வினாக்கொத்துக்கள் வடிகட்டும் கருவிகள் மட்டுமே. மேலும் ஆராய இடமுண்டா என்பதற்கு அப்பால் அவை எதனையும் நிறுவா. நோயறிதல் என்பது பயிற்சிபெற்ற மருத்துவரோ உளவியலாளரோ வாழ்க்கை வரலாறு, குடும்பத்தார் கூற்று, நேரடி அவதானிப்பு, ஒத்த குறிகளையுடைய பிற நோய்களை விலக்கல் ஆகியவற்றால் செய்வது. மருந்து வேண்டுமெனில் கடல்கடந்த அறிக்கை இன்னும் பயனற்றது. ஏ.டி.எச்.டி.க்குப் பெரிதும் வழங்கப்படும் மெதில்பெனிடேற், ஐக்கிய நாடுகளின் 1971ஆம் ஆண்டுச் சமவாயத்தின் இரண்டாம் அட்டவணையில் உள்ள கட்டுப்பாட்டு மருந்தாகும். இந்தியாவில் 2020 மார்ச்சில் வெளியான தொலைமருத்துவ வழிகாட்டிகள் இத்தகைய மருந்துகளைத் தொலைவிலிருந்து எழுதுவதை விலக்கின. இங்கும் உள்ளூர் உளமருத்துவரிடம் சென்றே ஆகவேண்டும்.

மொழிபெயர்ப்பிற்கு வருவோம். அறிக்கையோடு அவர் நிரப்பிய வினாக்கொத்துக்களும் இணைக்கப்பட்டிருந்தன. அவற்றுள் ஒன்று 2001இல் கேம்பிரிட்ஜில் சைமன் பாரன் கோஹன் குழுவினர் உருவாக்கிய ஐம்பது கூற்றுக்கள் கொண்ட ஓட்டிச அளவுகோல். அதே ஆண்டின் இறுதியில் வயர்ட் என்னும் அமெரிக்கச் சஞ்சிகை அதனை வெளியிட்டதால், தன்னைத் தானே சோதிக்கும் வழக்கம் அன்றே தொடங்கிவிட்டது எனலாம். மற்றையது உலக சுகாதார நிறுவனத்தோடு இணைந்து உருவாக்கப்பட்டு 2005இல் வெளிவந்த பதினெட்டு வினாக் கொத்து. இவற்றை ஓர் இலக்கியப் பிரதியை வாசிப்பதுபோல் வாசித்தோம். எப்பிரதியும் தனக்கென ஒரு வாசகனைக் கற்பித்துக்கொள்கிறது. இப்பிரதிகளின் வாசகன் யார்?

அவன் கூட்டங்களில் ஆசனத்தில் அமர்ந்திருப்பவன். சந்திப்புகளுக்கு நாள் குறித்து வைப்பவன். நூதனசாலைக்குப் போவதா நாடக அரங்கிற்குப் போவதா எனத் தெரிவு செய்யக்கூடியவன். கேம்பிரிட்ஜ் அளவுகோலை வகுக்கும்போது ஒப்பீட்டுக்குக் கொள்ளப்பட்டோருள் 840 பேர் அப்பல்கலைக்கழகத்தின் மாணவர்கள் என்பதை நோக்கின் இது வியப்பன்று. மட்டக்களப்பில் நாடகத்துக்குப் ‘போவது’ என்பதே அண்மைக்கால வழக்கு. கூத்துக் களரியில் ஊர் இரவு முழுவதும் இருக்கும். பேச்சில் வல்லவரல்லாத, ஆனால் கூத்து முழுவதையும் நெஞ்சில் வைத்திருக்கும் ஒருவர் ஏட்டண்ணாவியாராக நின்று அடியெடுத்துக் கொடுப்பதற்கு அங்கே இடமிருந்தது. பெண்ணாயின் அவ்விடமும் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். பிறிதொரு வினா, மோட்டாரால் உந்தப்பட்டவர்போல் உணர்வதுண்டா என வினவுகிறது. தோணிக்கு இஞ்சின் பூட்டுவதே வாழ்நாள் ஆசையாகவுள்ள ஊரில் அவ்வுவமை நற்பேறொன்றைக் குறிப்பதாகவே ஒலிக்கும். ‘அடிக்கடி’, ‘சில வேளைகளில்’ என்ற விடைகளும் எதனோடு ஒப்பிட்டு அடிக்கடி என்பதைச் சொல்வதில்லை. ஆங்கில வரலாற்றாசிரியர் ஈ. பி. தொம்சன் 1967இல் எழுதிய கட்டுரையொன்றில், கடிகாரத்துக்குப் பணிந்து உழைக்கும் பழக்கம் தொழிற்சாலை முதலாளித்துவத்தோடு புகுத்தப்பட்டது என்பதை நிறுவினார். வாவியில் வேலைநேரத்தை நீரோட்டமும் நிலவும் வகுத்தன. அலுவலகத்தின் வரவுப் பதிவேட்டில் ஒப்பமிடத் தொடங்கியபோதே எமது மாணவரின் குறை குறையாயிற்று. எனினும் இதனைக் கொண்டு பழைய வாழ்வினைப் பொன்னுலகமாகக் காட்டவும் இயலாது. கரைவலை முதலாளியின் கணக்கில் கடன்பட்டோர் வாழ்வு அது. இழுக்கும்போது பராக்குப் பார்த்தவன் பங்கிழந்தான்.

பார்வை பற்றிய இன்னொரு சிக்கல். மதிப்பிடுபவர் ‘கண்தொடர்பு குறைவு’ எனக் குறித்திருந்தார். வயதிலோ பதவியிலோ மூத்தவரை நேருக்கு நேர் நோக்குவது எமது ஊர்களில் மரியாதைக்கேடு. அதுபோகட்டும், கணினியில் கண்தொடர்பு என்பதே இயலாத ஒன்று. எதிரில் இருப்பவரின் கண்ணை நோக்கினால் கருவியின் கண்ணை நோக்கவியலாது. கருவியை நோக்கினால் அவர் முகம் தெரியாது. ஓட்டிச அவதானிப்புக்கு உலகெங்கும் பயன்படும் அடொஸ் என்ற நேர்முகச் சோதனையின் வழமையான புள்ளியிடல், பெருந்தொற்றுக் காலத்தில் முகக்கவசம் அணிந்த நிலையிற்கூடச் செல்லாது என எச்சரிக்கப்பட்டது. திரையைப் பற்றிச் சொல்லவேண்டுவதில்லை.

ஆயினும் எம்மை நிறுத்தியது இவையெல்லாம் அல்ல. நான்காம் பக்கத்தில் இருந்த ஒரு வரியே. ‘சிறுபராயத் தகவலாளர்: கிடைக்கவில்லை.’

பன்னிரண்டு வயதுக்கு முன்னர் குறிகள் இருந்தனவா என்பதை நிறுவாமல் இந்நோயறிதல் நிறைவுபெறாது. ஐரோப்பாவில் அதற்குப் பெற்றோர் உளர், பாடசாலை அறிக்கைகள் உள. எமது மாணவர் பிறந்தது 1995இல். ஏழாவது வயதில் 2002ஆம் ஆண்டு யுத்தநிறுத்தம். ஒன்பதாவது வயதில், 2004 டிசம்பர் 26ஆந் திகதி, சுனாமி வாகரைக் கரையோரத்தை அழித்தது. 2006 நவம்பரில் கதிரவெளிப் பாடசாலையில் தஞ்சம் புகுந்திருந்தோர்மீது ஷெல் வீழ்ந்தது. 2007 ஜனவரியில் வாகரை இராணுவத்தின் வசமாகுமுன் மக்கள் அனைவரும் இடம்பெயர்ந்தனர். அவருடைய பன்னிரண்டாவது வயது அகதிமுகாமில் பிறந்தது. தேர்ச்சி அறிக்கையைக் கடல் கொண்டது. சுனாமியின் பின் வழங்கப்பட்டது இடப்பெயர்வில் தொலைந்தது. தந்தை திரும்பவில்லை. கைந்நூல் கேட்கும் சாட்சியக் காலம் எதுவோ, அதுவே இவ்வூரில் சாட்சியங்கள் அழிந்த காலம்.

இதனினும் கடினமானது மற்றொன்று. கவனம் சிதறுதல், உறக்கமின்மை, ஒலிக்குத் திடுக்கிடுதல், பிறரிடமிருந்து ஒதுங்குதல் ஆகியவை யுத்தத்தையும் பேரிழப்பையும் கண்ட பிள்ளையிடத்தும் தோன்றுவன. பேராசிரியர் தயா சோமசுந்தரம் யுத்தகால உளப்பாதிப்பினைத் தனிமனிதரோடு நிறுத்தாது குடும்பத்தையும் சமுதாயத்தையும் தழுவிய ஒன்றாக ஆராய்ந்தவர். அவ்வகையில் நோக்கின், பிறவியோடு வந்தது எது, 2006 கொண்டுவந்தது எது எனப் பிரித்தறிவதே இங்கு மதிப்பீட்டின் மையப் பணியாகும். அறிக்கையில் அதற்கு ஒரு வாக்கியமே ஒதுக்கப்பட்டிருந்தது. யுத்தப் பிரதேசத்தில் வளர்ந்தவர் என்பது அவ்வாக்கியம்.

தகவலாளர் கிடைக்கவில்லை என எழுதப்பட்ட இரவில், அவரது தாயார் அடுத்த அறையில் இருந்தார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. எவரும் அவரை அழைக்கவில்லை.

தமிழ்ப்படியை எடுத்துக்கொண்டு நாம் பனிச்சங்கேணிக்குச் சென்றோம். வாசிக்கத் தொடங்கி இரண்டாம் பக்கம் முடியுமுன்னரே தாயார் இடைமறித்துப் பேசலானார். மண்ணெண்ணெய் வாங்கக் கடைக்கு அனுப்பினால் பாலத்தடியில் நின்றுவிடுவார், இருட்டியபின் போத்தலும் இல்லாமல் திரும்புவார். யுத்தநிறுத்தத்தின்போது வாகனங்கள் ஓடத் தொடங்கியதும் அவ்வழியே போகும் பஸ், லொறி எல்லாவற்றின் இலக்கங்களையும் ஒப்புவிப்பார். வாகன இலக்கத்தகடுகளைக் கவனிப்பதுண்டா என்ற கூற்று கேம்பிரிட்ஜ் அளவுகோலிலும் உண்டு. அதனை மொழிபெயர்க்கும்போது வாவிக்கரைக்கு ஒவ்வாத கூற்று எனப் பக்கவோரத்தில் ஏளனமாகக் குறித்திருந்தோம். அக்குறிப்பினை அங்கேயே வெட்டிவிட்டோம். கோயிற் சடங்கில் பறை முழங்கினால் தாயின் சேலைக்குள் தலையைப் புதைத்துக்கொள்வாராம். யுத்தத்தினால் வந்த பயமாக இருக்கலாமே என நாம் கேட்டோம். ‘ஷெல்லுக்கு எல்லாப் புள்ளயளும்தான் காதப் பொத்தினதுகள். இவன் அதுக்கு முன்னமே பொத்தினவன், சேர். இதெல்லாம் என்னட்ட ஒருத்தரும் கேக்கல்லயே’ என்றார் அவர்.

உளமருத்துவர் எவரும் தேடுவது இத்தகைய கூற்றினையே. முன், பின் என்ற வரிசை அதில் உள்ளது. நாற்பது நிமிடத்துக்கு மூன்று மாதச் சம்பளம் பெற்றவர்களுக்குக் கிடைக்காத அது, அரைமணிநேரத்தில், தேநீரோடு எமக்குக் கிடைத்தது. எமது திறமையால் அன்று. தமிழில் வாசித்தமையால் மட்டுமே.

இதனால் இணையவழியே தீதென்பது எமது கருத்தன்று. பனிச்சங்கேணியிலிருந்து மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்குப் போய்வர ஒருநாட் கூலி போகும். தாயார் வெளிநாட்டில் பணிப்பெண்ணாக இருந்த காலத்தில் அம்மம்மாவிடம் வளர்ந்த பிள்ளைகள் எமது மாவட்டத்தில் ஏராளம். அவர்களின் சிறுபராயச் சாட்சி இன்று டோஹாவிலோ குவைத்திலோ இருக்கக்கூடும். திரை அவர்களையும் ஓரிடத்திற் சேர்க்கும். வளர்ந்தோரின் ஏ.டி.எச்.டி.யை ஆராய ஒல்லாந்தில் உருவாகிய டிவா என்னும் செவ்வி முறை, குடும்பத்தவரையும் உடனிருத்திச் சிறுபராயத்தையும் நிகழ்காலத்தையும் ஒவ்வொன்றாக எடுத்துக்காட்டுக் கேட்டு விசாரிப்பது. அதனைத் தமிழிலும் திரையினூடாக நடத்தத் தடையேதுமில்லை. தமிழ்நிலத்தில் இதற்கு முன்மாதிரியும் உண்டு. சாரதா மேனன் 1984இல் சென்னையில் நிறுவிய ஸ்கார்ஃப் அமைப்பு, சுனாமியின் பின் தொலைவழி உளமருத்துவத்தைத் தொடங்கி, 2010இல் புதுக்கோட்டை மாவட்டக் கிராமங்களுக்குப் பஸ்ஸொன்றை அனுப்பியது. மருத்துவர் சென்னையில், திரை பஸ்ஸினுள், மருந்தகமும் அதனுள்ளேயே. அது கடும் உளநோய்களுக்கான திட்டமே. ஆனால் நோயாளியின் வீட்டையும் குடும்பத்தையும் அறிந்த உள்ளூர்ப் பணியாளர் அதில் இருந்தனர். இணையச் சந்தை முதலில் வெட்டிய செலவு அந்தப் பணியாளரே. எமது நாட்டிலும் சுனாமியின் பின் 2005இல் உருவான உளநலக் கொள்கை மாவட்டந்தோறும் உளநலச் சேவையைப் பரப்ப முனைந்தது. இன்றும் உளநலத்துக்குப் பொறுப்பான வைத்திய அலுவலர்கள் அரச வைத்தியசாலைகளில் உளர். தேசிய உளநல நிறுவனத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கமும் உண்டு. கட்டணம் செலுத்துமுன் இவற்றை நாடுவது நன்று.

அவ்வாறு நாடும்போது கையோடு கொண்டுசெல்லவேண்டியது புள்ளிகள் அல்ல, நிகழ்ச்சிகளே. எந்த வயதில், எந்த ஊரில் இருந்தபோது, யார் கண்டது என்ற விபரத்தோடு ஐந்தாறு நிகழ்ச்சிகளை எழுதிக்கொள்ளலாம். சுனாமிக்கு முன்னா பின்னா, முகாமுக்கு முன்னா பின்னா என்பதைக் குறித்தல் மிக இன்றியமையாதது. எம்மவருக்கு ஆண்டுகள் மறந்தாலும் அவ்வெல்லைகள் மறப்பதில்லை. பெற்றோர் இல்லையெனில் மூத்த சகோதரர், மாமி, முன்பள்ளி ஆசிரியை, ஒன்றாய் வளர்ந்த அயற்பிள்ளை எவராயினும் சாட்சியாகலாம்.

தாயார் கூறியவற்றைத் தமிழிலேயே ஏழு பத்திகளாக எழுதி, திகதிக்குப் பதிலாக அவர் சொன்ன எல்லைகளையே இட்டு, அவர் முன் வாசித்துக் காட்டினோம். இரண்டு இடங்களில் திருத்தினார். எமது மாணவர் அதனை எடுத்துக்கொண்டு அரச வைத்தியசாலையொன்றின் உளநலக் கிளினிக்குக்குத் தாயாரோடு சென்றார். மருத்துவர் ஆங்கில அறிக்கையைப் புரட்டிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தமிழ்ப் பத்திகளைப் பிரதியெடுத்துக் கோவையில் வைத்துக்கொண்டாராம். மூன்று முறை சென்றாயிற்று. முடிவு இன்னும் கூறப்படவில்லை. இடையில் நாமும் துறையின் பழைய கோவையைத் தேடியெடுத்து, ‘அக்கறையின்மை’ என்று எழுதப்பட்ட தாளின் கீழ் வேறொரு குறிப்பினை எழுதி ஒப்பமிட்டோம். பட்டத்தை அது மாற்றாது. நான்காவது கிளினிக் அடுத்த மாதம் என அறிகிறோம்.